அட்டாலியில் இருந்து இறங்கிய பழைய காமிக்ஸ்: நிலையைப் பார்ப்பது, விலையைக் கணிப்பது

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் அட்டாலியை, அதாவது பரணை, சுத்தம் செய்யும்போது பித்தளைப் பாத்திரங்களோடு சணல் கயிற்றில் கட்டிய ஒரு புத்தகக் கட்டும் இறங்கி வருவது உண்டு. பித்தளை என்ன விலை போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புத்தகக் கட்டின் விலைதான் யாருக்கும் தெரியாது. அதனால் ஒன்று, பழைய பேப்பர் கடைக்குக் கிலோக் கணக்கில் போய்ச் சேரும். இல்லாவிட்டால், இணையத்தில் யாரோ ஒரு முத்து காமிக்ஸுக்குப் பல ஆயிரம் கேட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நம்மிடமும் புதையல் இருக்கிறது என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கோபியிலும் தாராபுரத்திலும் ஈரோட்டிலும் இந்த இரண்டும் நடந்து பார்த்திருக்கிறேன்.

காங்கேயம் மாடு வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய காமிக்ஸிலும் வரிசை அதேதான். என்ன புத்தகம், முழுசாக இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் விலை தேடுங்கள். விலையை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர் கண்ணுக்குக் கிழிசல் தெரியாது.

கட்டைப் பிரிப்பதற்கு முன்னால்

சணல் கயிற்றை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் மேலேயும் கீழேயும் உள்ள அட்டைகளின் ஓரம் அறுந்துவிடும். தூசியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மென்மையான, காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். பூஞ்சை மணம் அடித்தால் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டை மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் காற்றோட்டமான நிழலில் தனியாக வையுங்கள். நல்லா காயட்டும் என்று வெயிலில் பரப்புவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. பாத்திரத்துக்குச் சரி, சாணித்தாளுக்கு அது எமன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டியதில்லை. அதைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினால் தாளின் பலவீனம் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம். எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, சன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவுகோல், பென்சில், நோட்டு இவ்வளவும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பேனாவை அந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

என்ன புத்தகம் என்று அடையாளம் காண்பது

தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய காமிக்ஸ் பெரும்பாலும் சில வரிசைகளுக்குள் அடங்கிவிடும். சிவகாசியில் இருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். அந்த மாயாவி 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த 'ஸ்டீல் கிளா' என்ற பாத்திரம். 1984 ஜூலையில் அதே சிவகாசியில் இருந்து எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. முதல் இதழில் மாடஸ்டி பிளைசி என்ற நாயகியின் கதை. அதே மாதம் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை ஜேம்ஸ்பாண்ட் கதையோடு தொடங்கி, மாதம் இருமுறை என்று 2005 வரை நடத்தியது. சிவகாசிக்காரர்களே எண்பதுகளில் திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்றும் போட்டார்கள். இவை போக, அமர் சித்திரக் கதை, டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸ் ஆகியவற்றின் தமிழ்ப் பதிப்புகளும் கட்டுக்குள் இருக்கும். அம்புலிமாமா கலந்திருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அது 1947இல் தொடங்கிய சிறுவர் மாத இதழ். அதைத் தேடுகிறவர்கள் வேறு, அதன் விலைக் கணக்கும் வேறு.

வரிசை தெரிந்தபின் வெளியீட்டு எண், மாதம், ஆண்டு, அட்டை விலை, வெளியீட்டாளர் முகவரி ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னட்டை, உள்ளட்டை, கடைசிப் பக்கத்தின் அடிவரி ஆகிய மூன்று இடங்களில் தேடினால் கிடைத்துவிடும். அட்டையே இல்லாத புத்தகமா? 'அடுத்த வெளியீடு' விளம்பரத்தைப் பாருங்கள். அடுத்தது எது என்று தெரிந்தால் கையில் இருப்பது எது என்று பிடித்துவிடலாம்.

இங்கேதான் மறுபதிப்புச் சிக்கல் வருகிறது. புகழ்பெற்ற முத்து காமிக்ஸ் கதைகள் பிற்காலத்தில் திரும்பவும் அச்சாகியிருக்கின்றன. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையே அதற்காக வந்ததுதான். 2012க்குப் பிறகு லயன், முத்து இரண்டும் புதுப் பொலிவோடு வந்தபோது பழைய கதைகள் பளபளப்பான தாளிலும் அச்சாயின. கதை ஒன்றுதான், தலைப்பும் ஒன்றாக இருக்கலாம், விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிரித்துப் பார்க்கத் தமிழ் எழுத்தே ஒரு நல்ல சாட்சி. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் மேலே வளைவு போட்ட பழைய வடிவத்திலும், ணா, றா, னா மூன்றும் சுழித்துச் சேர்ந்த பழைய வடிவத்திலும் இருக்கும். எழுபதுகளின் முற்பகுதியில் வந்தது என்று ஒருவர் நீட்டும் புத்தகத்தில் வசனம் முழுக்க இன்றைய லை, னை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தலைகீழாக இது செல்லாது. எல்லா அச்சகமும் ஆணை வந்த மறுநாளே மாறிவிடவில்லை. அதனால் பழைய எழுத்து இருப்பதை மட்டும் வைத்து 1978க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அஞ்சல் குறியீட்டு எண் இன்னொரு சாட்சி. ஆறு இலக்க பின்கோடு நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே ஆண்டு. எனவே அதற்கு முந்தைய மாதத்து இதழ் என்று சொல்லப்படுவதன் முகவரியில் 626 என்று தொடங்கும் சிவகாசியின் ஆறு இலக்க எண் இருந்தால் அது அந்த மாதத்தில் அச்சானது அல்ல. சென்னை முகவரியை வைத்து வயது பார்க்க முயலாதீர்கள். ஆங்கிலத்தில்தான் 1996இல் மெட்ராஸ் சென்னையானது, தமிழில் அது எப்போதுமே சென்னைதான். இணைய முகவரியோ பார்கோடோ இருந்தால் அதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. உள்ளே இருக்கும் விளம்பரங்களையும் ஒரு முறை பாருங்கள். எந்தச் சோப்பு, எந்த மிட்டாய், எந்த வானொலிப்பெட்டி என்பதிலேயே பத்தாண்டு தெரிந்துவிடும். விலைப்பட்டியல் தேட வந்தவன் விளம்பரம் படித்துக்கொண்டே மத்தியானத்தைக் கழித்துவிடும் அபாயமும் அதில் இருக்கிறது.

முழுசாக இருக்கிறதா

ஒரே ஒரு பக்கம் இல்லையென்றாலும் சேகரிப்பாளர் பார்வையில் அது வேறு பொருள். அட்டை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தக் குறையை ஈடுகட்டாது. ஆகவே மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் பக்கம் எண்ணுங்கள். அடியில் அச்சான எண்ணை மட்டும் நம்பாமல் தாளைத் தொட்டு எண்ணுங்கள். சில வரிசைகளில் அட்டையையும் சேர்த்துப் பக்க எண் ஓடும், சிலவற்றில் ஓடாது.

நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் நான்கு பக்கம். முன்பாதியில் ஒரு இலை, அதன் ஜோடி பின்பாதியில். 64 பக்கப் புத்தகத்தில் 1, 2ஆம் பக்கங்களும் 63, 64ஆம் பக்கங்களும் ஒரே தாள். ஆகவே முதல் இலை கிழிந்து போயிருந்தால் கடைசி இலை பின்னில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். எங்காவது ஒரு இலை தனியாக ஆடினால் அதன் ஜோடி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அதிகம் ஏமாற்றுவது நடுத்தாள். 31 முதல் 34 வரை நான்கு பக்கம் முழுசாகக் கழன்று போனாலும் புத்தகம் குலையாமல் கம்பீரமாகவே நிற்கும். சண்டைக் காட்சியாக இருந்தால் படிக்கிறவருக்கும் உறைக்காது.

தடிமனான பழைய புத்தகங்களில் பக்கவாட்டில் பின் அடித்து மேலே அட்டையை ஒட்டியிருப்பார்கள். அங்கே ஜோடிக் கணக்கு உதவாது, ஒவ்வொன்றாகத்தான் எண்ண வேண்டும். முதலும் கடைசியும் சில இலைகள் அட்டையோடு சேர்ந்தே போயிருப்பது வழக்கம்.

அதோடு கூப்பன்கள். போட்டிக்கு அனுப்பவும் சந்தா கட்டவும் ஒரு மூலையை வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டிய துண்டின் மறுபக்கத்தில் கதையின் ஒரு கட்டம் இருந்தால் கதையும் போச்சு. குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பேனாவால் நிரப்பியிருப்பதும், கோட்டுப்படங்களுக்குக் கிரேயான் பூசியிருப்பதும் குறைதான், ஆனால் சின்னக் குறை.

இரண்டு கிழிந்த பிரதிகளை இணைத்து ஒரு முழுப் பிரதி செய்வதும் உண்டு. கண்டுபிடிப்பது கடினமில்லை. பின் துருவின் கறை பக்கத்துப் பக்கம் ஒரே இடத்தில் விழுந்திருக்க வேண்டும். திடீரென்று சில பக்கங்களில் மட்டும் கறை இல்லையென்றால் அந்தப் பக்கங்கள் வேறு வீட்டிலிருந்து வந்தவை. பின் ஓட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு இருப்பது, தாளின் பழுப்பு சட்டென்று மாறுவது, ஓரங்கள் ஏறி இறங்கி நிற்பது எல்லாமே அந்தக் கதையைச் சொல்லும். இப்படிச் சேர்த்த பிரதியை விற்பது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

அட்டை, முதுகு, பின்

அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்புகள் சாய்வில் கோடுகளாகத் தெரியும். மடிப்பு இருக்கிறது என்பதைவிட அந்த மடிப்பில் நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நிறம் உதிராத மடிப்பு ஒரு படி, உதிர்ந்த மடிப்பு இன்னொரு படி. சந்தாப் பிரதிகளை அஞ்சலில் அனுப்பும்போது இரண்டாக மடித்திருப்பார்கள், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். இது குறைதான். ஆனாலும் சந்தாப் பிரதிகள் வாடகை நூலகம் சுற்றாமல் ஒரே வீட்டில் இருந்தவை என்பதால் உள்ளே பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

முதுகில்தான் புத்தகத்தின் உழைப்பு தெரியும். பின் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கதிர்போல் சின்னச் சின்னக் கோடுகள் வருவது இயல்பு. அட்டை பின்னில் இருந்து அறுந்துவிட்டதா, ஒரு பின்னில் மட்டும் தொங்குகிறதா, முதுகு மேலிருந்து எத்தனை சென்டிமீட்டர் பிளந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். புத்தகத்தைப் பின்னால் சுருட்டிப் பிடித்துப் படித்தவர்களின் பிரதியில் முதுகு ஒருபுறமாக உருண்டிருக்கும். மேசைமேல் வைத்தால் சரிந்து நிற்கும்.

பின் துரு நம் ஊரில் இடத்துக்கு இடம் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஈரக்காற்று வரும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துப் புத்தகங்களில் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் அரித்திருக்கும். வால்பாறையில் இருந்து வந்த கட்டென்றால் கேட்கவே வேண்டாம். ஈரோடு, கரூர்ப் பக்கத்தில் பின் ஓரளவு தப்பும், தாள்தான் வெந்து மொடமொடவென்று ஆகிவிடும். துருப்பிடித்த பின்னை மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள். மூலப்பின் இருக்கும் பிரதிக்குச் சேகரிப்பாளரிடம் தனி மரியாதை உண்டு.

அச்சுக் குறையையும் தேய்மானத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்து மாயாவிக்கு இரண்டு உதடு இருந்தால் அது அச்சகத்தில் நடந்தது. அந்த இதழின் பல பிரதிகளில் அப்படித்தான் இருக்கும். குறிப்பில் எழுதுங்கள், தரத்தில் பெரிதாகக் குறைக்க வேண்டாம்.

தாள்

நியூஸ்பிரிண்டில், நாம் சாணித்தாள் என்று சொல்வதில், மரத்தில் உள்ள லிக்னின் நீக்கப்படாமல் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் தாளின் நாரை அறுக்கும். ஓரத்தில் இருந்து உள்ளே நகர்வதால் பக்கத்தின் நடு வெளுப்பாகவும் விளிம்பு கருத்தும் இருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பாருங்கள். நாலு விளிம்பில் மெல்லிய பழுப்புக் கரை மட்டுமென்றால் அது வயதுக்கேற்ற நிலைதான். வசனம் வரைக்கும் கருத்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

தாள் வலுவாக இருக்கிறதா என்று மூலையை மடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம், மடித்த மூலை கையோடு வந்துவிடும். பக்கங்களை மெதுவாகப் புரட்டி முடித்தபின் கீழே விரித்த வெள்ளைத் துணியைப் பாருங்கள். பழுப்புத் துகள் உதிர்ந்திருந்தால் தாள் உடையும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்டதை யாருக்கும் புரட்டிக் காட்டாதீர்கள், படம் எடுத்துக் காட்டுங்கள்.

கறை, பூச்சி, முத்திரை

தண்ணீர்க் கறைக்கு விளிம்பில் பழுப்புக் கோடு இருக்கும், தாள் அலையாகச் சுருங்கியிருக்கும். எண்ணெய்க் கறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவும். தேங்காய் எண்ணெய்த் தலையோடு படுத்துக்கொண்டு படித்த தலைமுறை அல்லவா, நம்மூர்ப் பிரதிகளில் இது நிறைய. மஞ்சள் கைபட்ட கறையும் வரும். எதையும் தேய்த்து எடுக்க முயலக் கூடாது. சோடாவோ சோப்போ பட்டால் மஞ்சள் கறை சிவந்து இன்னும் அசிங்கமாகிவிடும்.

கரையான் பாதை போட்டுத் தின்னும். ராமபாணப் பூச்சி அட்டையின் மேல்தோலைச் சுரண்டும். ஊசி துளைத்ததுபோல் பக்கம் பக்கமாக ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் அது வண்டுப்புழுவின் வேலை. ஓட்டை வசனத்தையோ முகத்தையோ தொடுகிறதா, வெற்று ஓரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். புதுத் துகள் கொட்டிக்கொண்டே இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உடனே மற்றவற்றில் இருந்து பிரித்துவிடுங்கள்.

பெயர் எழுதியது, 'இந்தப் புத்தகத்தைத் திருடாதே' வகைக் கவிதை, வாடகை நூலக ரப்பர் முத்திரை, இவற்றைப் பற்றி எனக்கும் சந்தைக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரு சின்ன ஊரில் காலணா அரையணாவுக்குப் பிறகு பைசா வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடையின் முத்திரை, அந்தப் பிரதி எங்கெல்லாம் போய்வந்தது என்பதற்குச் சான்று. நான் அதை விரும்பி வாங்குவேன். ஆனால் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு விலையைக் குறைக்கத்தான் செய்வார்கள். முன்னட்டைப் படத்தின்மேல் விழுந்த முத்திரை பெரிய குறை, உள்ளட்டையில் இருப்பது சின்னக் குறை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டு வேலையும் பைண்டிங்கும்

செல்லோ டேப் ஒட்டிய பிரதியை முழுப் பிரதியைவிடக் கீழே, ஏன், ஒட்டாத கிழிசலைவிடவும் கீழேதான் வைப்பேன். டேப்பின் பசை வருடக்கணக்கில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்க வழியில்லை. பிரித்தால் நிறமும் சேர்ந்து வரும். லேமினேஷன் செய்த அட்டை அதைவிட மோசம். அன்போடு செய்திருப்பார்கள், என்ன செய்வது. ஃபெவிகால் போட்டு முதுகை ஒட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

நாலைந்து இதழ்களைச் சேர்த்துத் தடிமனாக பைண்டிங் செய்வது ஊருக்கு ஊர் இருந்த பழக்கம். பைண்டிங் செய்பவர் கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் சீவியிருப்பார். அதனால் அளவு குறைந்து, சில சமயம் வசன பலூனின் ஓரமும் பக்க எண்ணும் போயிருக்கும். தனிப் பிரதியாகப் பார்த்தால் இது தரம் குறைந்ததுதான். ஆனால் அந்த உறைக்குள் வெளிச்சம் படாமல் தாள் நன்றாக இருக்கும், பக்கமும் காணாமல் போயிருக்காது. பிரித்துத் தனித்தனியாக விற்கலாம் என்று தோன்றும். பிரித்தால் ஊசி ஓட்டையும் பசைத் தழும்பும் கொண்ட சீவிய புத்தகங்கள்தான் கையில் இருக்கும். அப்படியே விடுங்கள்.

கலர் பிரதி எடுத்து மாட்டிய போலி அட்டையும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் சீரான வட்ட அடுக்காகத் தெரியும். டோனர் அச்சில் தூள் தாளின் மேலே படிந்திருக்கும். கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் உதவும். இருட்டறையில் அடித்துப் பாருங்கள். இக்காலத்து வெள்ளைத் தாள் நீலவெள்ளையாகப் பளீரிடும், பழைய சாணித்தாள் மங்கிக் கிடக்கும். அட்டைத்தாளில் பழையதும் சில சமயம் ஒளிரும் என்பதால் இதை ஒற்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

தரத்தை எழுதுவது

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 10 புள்ளி அளவுகோலில் எழுதுகிறார்கள். ஓவர்ஸ்ட்ரீட் விலைக்கையேடு 1970 முதல் வருகிறது. சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000 முதல் புத்தகத்தைப் பரிசோதித்துக் கடின பிளாஸ்டிக் உறைக்குள் மூடி எண் ஒட்டித் தருகிறது. அந்தக் கணக்கில் 9.4 என்றால் கிட்டத்தட்டப் புதுசு, 8 மிக நன்று, 6 நன்று, 4 என்றால் நிறையப் படித்தது, 2 என்றால் முழுசாக இருக்கிறது ஆனால் களைத்துவிட்டது, 0.5 என்றால் குப்பைக்கு ஒரு படி மேலே.

எழுபதுகளின் தமிழ் காமிக்ஸை இந்த அளவுகோலில் வைத்தால் பெரும்பாலானவை 2க்கும் 5க்கும் இடையில்தான் நிற்கும். சாணித்தாளில் அச்சாகி, பத்துப் பேர் கைமாறிப் படித்த புத்தகங்கள் அவை. நம் வாங்குபவர்கள் அரைப்புள்ளி வித்தியாசத்துக்குச் சண்டை போடுவதில்லை. அதனால் நான் எண் போடுவதில்லை, வார்த்தையில் எழுதுகிறேன். ஒரு மாதிரி:

'முழுப் பக்கம் உண்டு. மூலப்பின் இரண்டும் உண்டு, மேல்பின்னில் லேசான துரு. முதுகு கீழே 2 செ.மீ. பிளவு. முன்னட்டை வலது மேல்மூலையில் நிறம் உதிர்ந்த மடிப்பு. உள்ளட்டையில் பேனாவில் பெயர். தாள் ஓரப் பழுப்பு, உதிரவில்லை. டேப் இல்லை. 17ஆம் பக்க ஓரத்தில் சிறு கிழிசல், வசனத்தைத் தொடவில்லை.'

இதைப் படிக்கிற யாருக்கும் புத்தகம் கண்ணில் தெரியும். 'சூப்பர் கண்டிஷன்' என்று எழுதுவதில் ஒரு தகவலும் இல்லை. முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுப்பக்கம், இருப்பதிலேயே மோசமான குறை ஆகிய ஐந்தையும் படம் எடுத்து இந்தக் குறிப்போடு வையுங்கள். மோசமான குறையின் படத்தை முதலில் அனுப்புகிறவரிடம் மறுபடி வாங்கத் தோன்றும்.

இப்போது விலை

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இணையத்தில் தெரிவது பெரும்பாலும் முதல் வகை. ஒரே பிரதி ஒரே விலையில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதுதான் அதில் இருந்து கிடைக்கும் தகவல். முகநூல், வாட்ஸ்அப் சேகரிப்பாளர் குழுக்களில் 'விற்றாயிற்று' என்று முடிந்த பதிவுகளைத் தேடுங்கள். ஒரே இதழுக்கு மூன்று நாலு முடிந்த விற்பனை கிடைத்தால், அதில் உச்சத்தைத் தள்ளிவிட்டு மற்றவற்றை உங்கள் நிலைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். ஏலத்தில் இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய விலை அந்த இருவருக்கு மட்டுமே உரியது.

தேவையை முடிவு செய்பவை சில. வரிசையின் முதல் இதழ்கள், ஒரு நாயகன் முதல்முறை வந்த இதழ், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்கள், குறைந்த காலமே வந்து நின்றுபோன வரிசைகள், இதுவரை மறுபதிப்பு ஆகாத கதைகள், இவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. மறுபதிப்பு வந்துவிட்டால் கதையைப் படிக்க மட்டும் தேடிக்கொண்டிருந்தவர்கள் கழன்றுவிடுவார்கள். மூலப் பிரதியே வேண்டும் என்பவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்கள் நிலையில் கறாரானவர்கள். அதாவது, மறுபதிப்புக்குப் பிறகு நல்ல பிரதியின் விலை அவ்வளவாக இறங்காது, கிழிந்த பிரதியின் விலைதான் சரியும்.

வயதை மட்டும் வைத்து மதிப்புப் போடுவது பெரிய மாயை. அறுபதுகளின் ஒரு சாதாரணச் சிறுவர் இதழுக்கு ஆள் இல்லாமல் போகலாம், எண்பதுகளின் ஒரு லயன் சிறப்பிதழுக்கு அடிதடி நடக்கலாம். இன்று வாங்குகிறவர்கள் எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள். அன்று கையில் காசில்லை, இன்று இருக்கிறது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருக்கும் இதழின் சுத்தமான பிரதி அண்மையில் 1000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. உங்களுடையது முழுப் பக்கம், ஆனால் முதுகு பிளந்து, அட்டையில் மடிப்பு. நான் 500 முதல் 600 சொல்வேன். அதே பிரதியில் டேப் இருந்தால் 350. அட்டையே இல்லாவிட்டால் 200. கதைப் பக்கம் ஒன்று போயிருந்தால் 150க்கு மேல் கேட்க மனம் வராது, அதுவும் வேறொரு பிரதியை முழுமையாக்க யாருக்காவது தேவைப்பட்டால்தான். இது என் கை அளவு. உங்கள் குழுவில் வேறு மாதிரி இருக்கலாம். மிக அரிதான இதழுக்கு இந்தக் கழிவுகள் செல்லாது. வேறு பிரதியே கிடைக்காதபோது அட்டை இல்லாததையும் கேட்ட விலைக்கு எடுப்பார்கள்.

கட்டாக விற்றால் ஒவ்வொன்றின் விலையையும் கூட்டி அதில் கணிசமாகக் குறைத்துத்தான் போகும், ஏனென்றால் வாங்குபவர் தனக்கு வேண்டாதவற்றையும் சுமக்கிறார். நேரம் இருந்தால் முக்கியமான பத்தைத் தனியே எடுத்து விற்றுவிட்டு மீதியைக் கட்டாகக் கொடுங்கள். நேரமும் பொறுமையும் இல்லையென்றால் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் நல்ல வியாபாரம்தான்.

எங்கே காட்டுவது

ஆகஸ்ட் மாதத்து ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு காமிக்ஸ் வாசகர்கள் வெளியூர்களில் இருந்தும் வருவார்கள். நோட்டையும் படங்களையும் எடுத்துப்போய் அங்கே ரெண்டு பேரிடம் பேசினால் இணையத்தில் ஒரு வாரம் தேடுவதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். புத்தகங்களை முதல் நாளே கொண்டுபோகாதீர்கள், கூட்டமும் வியர்வையும் அவற்றுக்கு ஆகாது. கோவையில் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழா இருக்கிறது, உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கடைக்காரருக்கு விலை தெரியாது என்று நினைத்துப் போகாதீர்கள்.

வாங்குகிற பக்கம் இருந்தால் உரையாடல் இப்படித்தான் போகும்:

"ஏனுங்ணா, இந்தக் கட்டு எவ்வளவுங்க?"

"எந்தக் கட்டுங் தம்பி? காமிக்ஸா? அது எடைக்கு இல்லீங். தனி விலை."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அங்கேயே பக்கம் எண்ணுவது சங்கடமாக இருக்கும். இருந்தாலும் எண்ணுங்கள். குறைந்தது நடுத்தாளையும் கடைசி இலையையுமாவது பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டில் வேலை செய்கிறவரோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ விவரம் தெரியாமல் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தால், அதில் மதிப்புள்ளது இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், சொல்லிவிட்டு வாங்குங்கள். ஊர் சின்னது.

அதுவரை பத்திரமாக

படுக்க வைப்பதென்றால் பத்துக்கு மேல் அடுக்க வேண்டாம். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து அச்சை ஒட்டிக்கொள்ளும். உறைக்குள் பின்பலமாக அமிலமில்லாத அட்டை வையுங்கள். பழைய காலண்டர் அட்டை வேண்டாம், அதிலும் அமிலம்தான். நாப்தலீன் உருண்டையின் நாற்றம் தாளில் ஏறினால் லேசில் போகாது. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில், புத்தகத்தில் படாமல் வைத்தால் போதும். பூச்சி உயிரோடு இருந்த பிரதியைக் காற்றுப்புகாத பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துவிடும். மாடி அறையும் சமையலறைச் சுவரும் அட்டாலியும் கூடாது. கீழ்த்தளத்து மர பீரோவில், தரையில் இருந்து ஒரு முழம் மேலே வைத்தால் நம் ஊர் வெயிலையும் ஆடிக்காற்றையும் தாங்கும்.

விற்றபின் அனுப்பும்போது இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து, டேப் புத்தக உறையைத் தொடாதபடி ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நிலைக்குறிப்பின் ஒரு நகலையும் உள்ளே வைத்துவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.